வராதவர் நாற்பத்தேழு பேர்

கடித எண் 1
2019 பிப்ரவரி 4, திங்கட்கிழமை, காலை மணி 6.40

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.15க்குக் கிடைத்தது. அதில் நீ தேதி இடவில்லை. உறையின் அஞ்சல் முத்திரையைப் பார்த்து ஜனவரி 29 என்று பென்சிலால் குறித்துக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். நாம் கடைசியாகப் பேசி, ஜனவரி 29 கணக்குப்படி, மூன்று ஆண்டு, நான்கு மாதம், பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்தக் கடைசிப் பேச்சை இருவரும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்கிறோமா என்று தெரியாததால் இங்கே எழுதிவைக்கிறேன். 2015 செப்டம்பர் 17, வியாழன், மாலை 4.10. உன் மருத்துவமனையின் குழு உரையாடல் சிகிச்சை மனச்சோர்வைப் போக்குகிறதா என்று அறுபது பேரை வைத்து நீ நடத்திய சோதனை. சிகிச்சை பெற்ற முப்பது பேரில் பதினொருவர் பாதியில் வராமல் போனார்கள். அவர்களை நீ கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, மீந்தவர்களை வைத்து வெற்றி என்று எழுதினாய். புள்ளிவிவரக் கணக்குப் பார்த்த நான் அதில் கையெழுத்திட மறுத்தேன். நீ சொன்னது: "அவங்க நல்லாயிட்டதாலதான் வரல. உங்களுக்குக் கல்லும் மனுஷனும் ஒண்ணு அண்ணா, எண்ணினாப் போதும்." நான் சொன்னது: "நல்லாயிட்டாங்கன்னு உனக்கு யார் சொன்னா? கனவுல வந்து சொன்னாங்களா?" அதன்பின் நீ தொலைபேசியை வைத்துவிட்டாய்.

இப்போது டிசம்பர் 16இல் நிர்வாகக் குழு கூடுகிறது என்றும், அதற்குள் ஆதாரம் காட்டாவிட்டால் குழுச் சிகிச்சையை மூடிவிடுவார்கள் என்றும், கணக்கிட என்னை விட்டால் ஆளில்லை என்றும் எழுதியிருக்கிறாய். கடைசிச் செய்தி உண்மையன்று. ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். என் நிபந்தனைகள்:

யாருக்குக் குழுச் சிகிச்சை, யாருக்கு வழக்கமான மாத்திரை மட்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும், நீ அல்ல. தேறக்கூடிய முகங்களை உன்னையறியாமலே உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். குலுக்கல் பட்டியலை மருந்தகப் பொறுப்பாளர் பூட்டி வைக்கட்டும். எனக்கு வரும் தாள்களில் 'அ', 'ஆ' என்ற இரண்டு எழுத்து மட்டுமே இருக்க வேண்டும். எது எதுவென்று எனக்குத் தெரியக் கூடாது. எப்படிக் கணக்கிடுவேன் என்பதை முதல் நோயாளி வருமுன்பே எழுதி, தேதியிட்டு, உறையிலிட்டு ஒட்டிவிடுவேன். பிறகு ஒரு புள்ளியும் மாறாது. பன்னிரண்டு வாரம் கழித்து, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளில் மதிப்பெண் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியவர் தேறியவர். வராதவர் தேறாதவர். எவரும் கணக்கிலிருந்து நீங்கமாட்டார்.

எல்லாம் கடிதத்தில் மட்டும். தொலைபேசி வேண்டாம். பேச்சுக்குத் தேதி கிடையாது.

இப்படிக்கு,
அண்ணன்

*

2019 பிப்ரவரி 9, சனிக்கிழமை, மாலை மணி 5.55
(சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகம். எனவே 5.53 என்று திருத்திக்கொள்ளவும்.)

அண்ணா,

தேதி போட்டுவிட்டேன். மனம் குளிர்ந்ததா?

நிபந்தனை எல்லாவற்றுக்கும் சரி. நீங்கள் என்னை நம்பவில்லை என்பதை இவ்வளவு முறையாக வேறு யாராலும் எழுத முடியாது. குலுக்கல் என்றதும் எங்கள் இயக்குநர், "என்னம்மா, ஆளுங்களை வெச்சு லாட்டரி நடத்தறீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், நான் பொறுக்கினா அதுதான் மோசடி" என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் வாக்கியம் என்று உறைத்தது. எரிச்சலாக இருந்தது.

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வராதவரைத் 'தேறாதவர்' என்று எழுதுவதற்கு முன் யாராவது அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் ஆளுக்குத் தலையெழுத்து எழுதக் கூடாது. 2015இல் நான் அவர்களைத் தேடிப் போகவில்லை. அது என் பிழை. நீங்களும் போகச் சொல்லவில்லை. அது யார் பிழை என்று நான் எழுதப்போவதில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

*

கடித எண் 2
2019 பிப்ரவரி 18, திங்கட்கிழமை, காலை மணி 6.25

அன்புள்ள தங்கைக்கு,

உன் நிபந்தனையை ஒன்பது நாள் புரட்டிப் பார்த்தேன். அதில் குறை காண முடியவில்லை. வருந்துகிறேன்.

திட்டத்தில் பதினோராம் பிரிவாகச் சேர்த்திருக்கிறேன். அதன் வாசகம்: 'வராத எவரையும் வீடு தேடிச் சென்று கேட்க வேண்டும். செல்பவர் இரு பிரிவில் எது எதுவென்று அறியாதவராக இருக்க வேண்டும். இரு பிரிவினரையும் ஒரே அளவில் தேட வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து இருபது வாரத்துக்குள் நிரப்பிய தாள் செல்லும். அதன்பின் நிரப்பியது செல்லாது.'

திட்டம் மொத்தம் பதினான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. ஒரு பிரதி உன் இயக்குநருக்கு, ஒன்று மருந்தகப் பொறுப்பாளருக்கு. உனக்கும் அண்ணிக்கும் இடையே இது பற்றிப் பேச்சு வேண்டாம். அவள் சமையலறையில் பாத்திரம் உருட்டும் ஓசையிலிருந்தே எனக்குச் செய்தி கசிந்துவிடும்.

அண்ணன்

*

2019 நவம்பர் 4, திங்கட்கிழமை, இரவு மணி 8

அண்ணா,

ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 2 வரை இருநூற்று நாற்பது பேரைச் சேர்த்தோம். பிரிவுக்கு நூற்றிருபது. கடைசி ஆளுக்கும் பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. தாள்களைத் தட்டச்சர் கணினியில் ஏற்ற, மருந்தகப் பொறுப்பாளர் 'அ', 'ஆ' எழுத்து ஒட்டி, நேராக உறையில் போட்டார். நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க இரண்டு நாள் விடுப்பே எடுத்தேன்.

ஐம்பத்தெட்டுப் பேர் வரவில்லை. அவர்களைத் தேடத் தடுப்பூசிப் பிரிவிலிருந்து ஒரு செவிலியரைக் கேட்டு வாங்கினேன். எங்கள் பிரிவின் தலையும் வாலும் அவளுக்குத் தெரியாது. எந்தச் சந்தில் எந்த மாடி என்றாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அவளுக்குத் 'தபால்' என்று பட்டப்பெயர். அந்தத் தபாலே இம்முறை திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போனாள். பதினொருவர்தான் கிடைத்தார்கள். "நாப்பத்தேழு வீடு பூட்டு டாக்டர். என் கைமுட்டிதான் தேஞ்சுது" என்கிறாள். அவளுடைய வருகைப் பதிவேட்டையும் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குப் பட்டியல் என்றால் பசி தீரும் என்பதால்.

நிர்வாகக் குழு கூட இன்னும் ஆறு வாரம்.

தங்கை

*

கடித எண் 3
2019 நவம்பர் 7, வியாழக்கிழமை, காலை மணி 11.05

அன்புள்ள தங்கைக்கு,

இதை எழுத என் பேனா இழுத்தடிக்கிறது. வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஒரு பிரிவு மற்றதைவிட நூற்றுக்கு இருபத்துநான்கு பேர் அளவில் முந்துகிறது. நாற்பத்தேழு பேரையும் தேறாதவர் என்று சேர்த்தால் அது ஆறாகச் சுருங்குகிறது. ஆறு என்பது குலுக்கல் விளையாட்டாகவே வரக்கூடியது. அதை வைத்துக்கொண்டு சிகிச்சை பலித்தது என்று நான் எழுதமாட்டேன்.

2015இன் கதையே திரும்ப வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறது. திட்டத்தை மாற்றமாட்டேன். நீ கேட்கவும் மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் சங்கடம்.

அதே நாள், மாலை மணி 4.20

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான். ஆனால் உறையை ஒட்டுமுன் 'தபாலின்' பதிவேட்டை மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் நல்லவள். ஒவ்வொரு கதவுக்கும் மணியும் நிமிடமும் எழுதியிருக்கிறாள். காலை 10.20. பகல் 12.05. பிற்பகல் 3.40. நாற்பத்தேழு பூட்டு, தொண்ணூற்று நான்கு தட்டல். அனைத்தும் திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே!

படுத்த படுக்கையாக, எழவும் மனமில்லாமல் இருக்கும் ஆள் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருப்பார்? வீட்டில். அப்படியானால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இந்த நாற்பத்தேழு பேரும் எங்கே போனார்கள்?

இது ஊகம். ஊகத்துக்கு என் திட்டத்தில் இடமில்லை. ஆனால் பதினோராம் பிரிவு எத்தனை முறை தட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. எந்தக் கிழமை என்றும் சொல்லவில்லை. கிழமையைக் குறிக்காமல் நான் ஒரு வாசகம் எழுதியிருக்கிறேன் என்பதை இன்றுதான் கண்டேன். ஐம்பது ஆண்டுத் தொழிலில் இப்படி ஒரு பிழை.

ஞாயிற்றுக்கிழமை போகச் சொல். நாற்பத்தேழு பேர் வீட்டுக்கும், ஒருவரையும் விடாமல். ஜூலை 1இல் சேர்ந்தவர்களின் இருபது வாரம் நவம்பர் 18, திங்கட்கிழமை முடிகிறது. ஆகவே உனக்கு இருப்பவை 10ஆம் தேதி, 17ஆம் தேதி, இரண்டே ஞாயிறு. இக்கடிதம் உன் கைக்கு வருமுன் முதல் ஞாயிறு போய்விடும். எனவே இந்தப் பத்தியை மட்டும் அண்ணி இன்று மாலை 5.00 மணிக்குத் தொலைபேசியில் உனக்கு வாசிப்பாள். விதிவிலக்கு ஒரு முறைக்கு மட்டும்.

அண்ணன்

*

2019 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை மணி 7.10

அண்ணா,

அண்ணி வாசித்தாள். நீங்கள் பின்னால் நின்று "கமா, கமா" என்று திருத்தியதும் கேட்டது.

தபாலிடம் சொன்னேன். ஞாயிறு என்றதும் முகம் சுருங்கியது. "டாக்டர், எனக்கும் வீடு வாசல் இருக்கு." "தெரியும்மா. உன் பதிவேட்டைப் பார்த்து எங்க அண்ணன் நல்ல பொண்ணுன்னு சொன்னார்." "யாரு, அந்தக் கணக்குப் பெரியவரா? அவரு ஒருத்தரை நல்லவர்னு சொல்வாரா?" அதோடு கிளம்பிவிட்டாள்.

எவரும் வாயைத் திறக்குமுன் உதட்டில் விரலை வைத்து, "எதுல இருந்தீங்க, என்ன பண்ணீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. ஒம்பது கேள்விக்கு மட்டும் பதில்" என்று சொல்லச் சொன்னேன். அப்படியே செய்தாள். இரண்டு ஞாயிறும் காலை ஏழு மணி முதல் விளக்கு வைக்கும் வரை. நாற்பத்தேழில் நாற்பத்தொரு பேர் கிடைத்தார்கள். கடைசித் தாள் 17ஆம் தேதி மாலை 6.35க்கு, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம். கெடுவுக்கு முந்தைய நாள்!

தபால் வந்து சொன்ன ஒரு விஷயத்தை உங்களுக்கு எழுத ஆசையாக இருக்கிறது. ██████████████ மை பூசிவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டாம். நீங்கள் பார்க்கமாட்டீர்கள், அண்ணி பார்ப்பாள்.

தங்கை

*

கடித எண் 4
2019 நவம்பர் 28, வியாழக்கிழமை, காலை மணி 9.50

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி பார்த்தாள். நன்றாகப் பூசியிருக்கிறாய்.

கணக்கு முடிந்தது. மூன்று முறை போட்டேன், மூன்றும் ஒன்றே. அறிக்கையை உறையிலிட்டு ஒட்டி இன்று இயக்குநருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன். எண்களை உனக்குச் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: வித்தியாசம் இருக்கிறது. பெரியது. குலுக்கலால் வரக்கூடியதன்று.

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. உன் சிகிச்சையால் ஆட்கள் தேறியிருக்கலாம். உன் சிகிச்சையால் ஆட்கள் மேலும் சோர்ந்திருக்கவும் கூடும். இரண்டில் எதுவானாலும் கீழே என் கையெழுத்து இருக்கும்.

அண்ணன்

*

2019 டிசம்பர் 16, திங்கட்கிழமை, பகல் மணி 1.25
மருத்துவமனைக் கூட்ட அறைக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து

அண்ணா!

வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் திட்டுவீர்கள்.

பதினொன்றேகாலுக்கு இயக்குநர் உங்கள் அறிக்கையைப் பிரித்தார். ஏழு உறுப்பினர்கள். எதிரே நான், பக்கத்தில் தபால். அவர் உரக்கப் படித்தார்: "'அ' பிரிவு, நூற்றிருபதில் தேறியவர் ஐம்பத்தொன்று. 'ஆ' பிரிவு, நூற்றிருபதில் எண்பத்துமூன்று." பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி, "சரி, இதுல எது எதுய்யா?" என்றார்.

மருந்தகப் பொறுப்பாளர் உறையை எடுத்தார். அண்ணா, அந்த மனிதர் அதை ஒட்டியிருந்த ஒட்டு! பசை, அதன்மேல் டேப், அதன்மேல் அரக்கு. கத்தரிக்கோல் கேட்டார். யாரிடமும் இல்லை. பல்லால் கடித்தார். தபால் பிடுங்கி, தன் பையிலிருந்த சாவியால் ஒரே கிழி.

"'ஆ'..." என்றார். தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தேன்.

"'ஆ'... குழுச் சிகிச்சை."

எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. தபால் என் கையைப் பிடித்து, "உக்காருங்க டாக்டர், இன்னும் படிக்கிறாரு" என்றாள்.

கேள்வி கேட்டார்கள். ஓர் உறுப்பினர் பழைய கட்டுரையை நினைவு வைத்திருந்தார். "போன தடவ மாதிரி வராதவங்களக் கழிச்சுட்டீங்களா?" என்றார். இயக்குநரே பதில் சொன்னார்: "கழிக்கலய்யா. வராதவங்க நாப்பத்தேழு பேருல முப்பத்தெட்டு பேரு இவங்க குழு ஆளுங்க. அத்தன பேரையும் வீடு வீடா தேடிப் போயிருக்காங்க. கிடைக்காத ஆறு பேரைத் தேறாதவங்கன்னுதான் எழுதியிருக்கார் அந்தக் கிழவர். பதினாலு பக்கத்துலயும் கையெழுத்து. இவருகிட்ட நீ ஒரு கமாவ மாத்திப் பாரு." எல்லோரும் சிரித்தார்கள்.

இனி மை பூசியதைச் சொல்லலாம். தபால் விரலை உதட்டில் வைத்துக் கேள்வி முடித்த பிறகும் ஒரு பேருந்து ஓட்டுநர் சும்மா இருக்கவில்லையாம். வாசல் வரை பின்னாலேயே வந்து, "டாக்டரம்மாகிட்ட கோவிச்சுக்க வேணாம்னு சொல்லும்மா. நல்லா தூக்கம் வருது, வண்டி எடுக்கறேன். செவ்வாக்கிழம பதினோரு மணிக்கு வான்னா நான் வண்டிய நடுரோட்டுல விட்டுட்டா வரட்டும்?" என்றாராம்.

அண்ணா, பதினோரு ஆண்டாக நான் அந்தக் குழுவைச் செவ்வாய் பதினோரு மணிக்கு நடத்துகிறேன். தேறி வேலைக்குப் போகிற எவரும் வர முடியாத ஒரே நேரம்! மாத்திரை வாங்குகிறவர்கள் காலை எட்டுக்கே வரிசையில் நின்றபடி தாளை நிரப்பிவிடுவார்கள். என் ஆட்கள் தேறத் தேறக் காணாமல் போனார்கள். இது எனக்குப் பதினோரு ஆண்டாகப் படவில்லை. உங்களுக்கு ஒரு பிற்பகலில் பட்டது.

மூடவில்லை. மூடுவதாவது! இன்னும் ஆறு மருத்துவமனைகளில் தொடங்கச் சொல்லித் தீர்மானம். இங்கே பிப்ரவரியிலிருந்து ஞாயிறு காலையிலும் ஒரு குழு.

தபால் கேட்கிறாள்: "பெரியவர் இப்பவாவது சிரிப்பாரா?" என்ன சொல்ல?

தங்கை

*

கடித எண் 5
2019 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை, காலை மணி 6.15

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் நேற்றுப் பிற்பகல் 3.05க்கு வந்தது. அண்ணியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். "'ஆ'... குழுச் சிகிச்சை" என்ற இடத்தில் படிப்பு நின்றுவிட்டது. அவள் வாங்கி மிச்சத்தைப் படித்தாள். தபால் கேட்டதற்கு அதுவே விடை.

நூற்றுக்கு நாற்பத்திரண்டரைக்கு எதிரே அறுபத்தொன்பது. வித்தியாசம் இருபத்தேழு. எவ்வளவு கஞ்சத்தனமாகப் பார்த்தாலும் பதினான்குக்குக் கீழே இறங்காது. என் வாழ்நாளில் நான் கையெழுத்திட்ட அறிக்கைகளில் இதைவிட உறுதியானது இல்லை. நீ வென்றாய். எவரையும் விடாமல் எண்ணி வென்றாய். எவரும் இதிலிருந்து ஓர் ஆளைக்கூட உருவ முடியாது.

இனி நான் பதிவு செய்ய வேண்டியது ஒன்று. 2015இல், வராதவர்கள் நல்லாயிட்டாங்க என்றாய். ஆதாரம் இல்லாமல் சொன்னாய். வராதவர் தேறாதவர் என்றேன். நானும் ஆதாரம் இல்லாமல்தான் சொன்னேன். ஆனால் என்னுடையது கணக்குப் போல இருந்ததால் எவரும் கேட்கவில்லை; நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களை எண்ணியது என் தரப்பு. போய்த் தட்டியது உன் தரப்பு. பதினோராம் பிரிவு இல்லாமல் என் பதினான்கு பக்கமும் வெறும் பிடிவாதமாக முடிந்திருக்கும்.

அதே தவறை வீட்டிலும் செய்திருக்கிறேன். என் நாட்குறிப்பில் ஒவ்வொரு ஆண்டும் என் பிறந்தநாள் பக்கத்தில், 'தங்கை: வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன். நான்கு முறை. வராததால் கோபம் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஒருமுறையும் வந்து உன் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. நீயும் அண்ணியும் 2016 முதல் ஒவ்வொரு புதன்கிழமையும் நான் நடக்கப் போகும் நேரத்தில் பேசுவது எனக்குத் தெரியும். அந்தப் புதன்கிழமைகளில் நான் அரை மணி நேரம் கூடுதலாக நடந்திருக்கிறேன். அதையும் பதிவில் சேர்த்துக்கொள்.

2020 ஜனவரி 5 அன்று மாலை 5.15க்கு உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன். நம் கடைசிப் பேச்சிலிருந்து நான்கு ஆண்டு, மூன்று மாதம், பத்தொன்பதாம் நாள். அது ஞாயிற்றுக்கிழமை. வேண்டுமென்றே பார்த்துத் தேர்ந்தது. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நாள்.

அண்ணியும் வருகிறாள். தபாலையும் முடிந்தால் அழைத்து வை. அவளை நல்லவள் என்று நேரில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

இணைப்புகள்:

1. இறுதி அறிக்கை, ஒரு பிரதி. இதில் உன் கையெழுத்துக்கான இடம் என் கையெழுத்துக்கு மேலே விடப்பட்டுள்ளது.

2. திட்டத்தின் பதினோராம் பிரிவு, திருத்திய வாசகம், எதிர்காலச் சோதனைகளுக்காக: 'கிழமையையும் நேரத்தையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும்.'

3. தேதியில்லாத உன் முதல் கடிதம், அசல். தேதியை நீயே மையால் எழுதித் திருப்பித் தரவும்.

4. ஜனவரி 5, காலை 11.30 பேருந்துக்கான இரண்டு பயணச்சீட்டுகளின் நகல். அசல் என் சட்டைப் பையில் இருக்கிறது. நேற்று 3.50க்கே போய் வாங்கிவிட்டேன்.